ஊரைக் காலி செய்து தளம் கட்டியவர்கள்!

தீர்த்தமலைக்கும் கடலுக்கும் வெகு தூரம். கிழக்கே இறங்கிப் பல மணி நேரம் பஸ்ஸில் போனால்தான் கடற்கரையைக் கண்ணால் காண முடியும். அந்த ஊரில் நம் இளைஞர்கள் சிலரோடு பேசிக் கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அமெரிக்கா உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டு போட்ட விமானங்கள் அங்கிருந்தா பறந்து வந்தன? நடுவில் எங்கே இறங்கினார்கள்? எங்கே எண்ணெய் நிரப்பினார்கள்?"

பக்கத்தில் இருந்த வியாபாரி ஒருவர் குறுக்கிட்டார். "அது தெரிந்து நமக்கு என்ன ஆகப் போகிறது தம்பி? நாம் புளி விற்கிறோம், மஞ்சள் விற்கிறோம். கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

தம்பியின் கேள்விக்கும் பெரியவரின் கேள்விக்கும் ஒரே பதில்தான். அந்தப் பதிலின் பெயர் டீகோ கார்சியா.

தீர்த்தமலையிலிருந்து அந்தத் தீவு சுமார் 2,250 கிலோ மீட்டர். நம் ஊரிலிருந்து டெல்லிக்கு உள்ள தூரத்தைவிட ஏதோ கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே, சற்று மேற்கே தள்ளி, இந்துமகா சமுத்திரத்தின் நடுவில் சாகோஸ் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் பெரிய தீவு டீகோ கார்சியா. 1991 வளைகுடாப் போரில் ஈராக் மீது குண்டு வீசிய பி-52 விமானங்கள் இங்கிருந்து கிளம்பின. 2001ல் ஆப்கானிஸ்தான் மீதும், 2003ல் மறுபடியும் ஈராக் மீதும் இங்கிருந்தே கிளம்பின. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் யேமன் மீது அமெரிக்கா தாக்குதல் நடத்திக் கொண்டிருந்தபோது, ஆறு பி-2 விமானங்கள் இந்தத் தீவின் ஓடுதளத்தில் வரிசையாக நின்றதை செயற்கைக்கோள் படங்கள் உலகத்துக்குக் காட்டின.

பாக்தாதில் இடிந்த வீடுகளை நாம் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் பாக்தாதில் வீடுகளை இடிப்பதற்கு முன்பே, அந்தத் தளத்தைக் கட்டுவதற்காக ஒரு முழு ஊரே இடிக்கப்பட்டது. அந்தக் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊரான் வீட்டு நெய்!

சாகோஸ் தீவுகள் தென்னந்தீவுகள். பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இங்கே தென்னந்தோப்புகளை உண்டாக்கினார்கள். 1814 உடன்படிக்கையில் மொரீஷியஸோடு சேர்த்து இந்தத் தீவுகளும் பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு மாறின. அடிமை முறை ஒழிந்த பிறகு நம் நாட்டிலிருந்தும் கூலிகளாகப் போனார்கள். கொப்பரை காய வைத்து, எண்ணெய் ஆட்டி, மீன் பிடித்து, ஐந்தாறு தலைமுறையாக அந்த மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம் இருந்தது, தேவாலயம் இருந்தது, முன்னோரின் கல்லறைகள் இருந்தன.

1960களில் அமெரிக்காவுக்கு இந்துமகா சமுத்திரத்தில் ஒரு தளம் தேவைப்பட்டது. இடம் கொடுக்க பிரிட்டன் முன்வந்தது. மொரீஷியஸுக்கு விடுதலை கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கிக் கொண்டிருந்தது. விடுதலை கொடுப்பதற்கு முன்பாகவே, 1965 நவம்பர் 8ம் தேதி சாகோஸை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று புதிய பெயர் சூட்டிக் கொண்டார்கள். மொரீஷியஸுக்குக் கொடுத்த விலை 30 லட்சம் பவுண்டு. விடுதலை வேண்டுமென்றால் இதற்குச் சம்மதிக்க வேண்டும் என்ற நிலையில் நிறுத்திப் பெறப்பட்ட சம்மதம் அது. காலனி நாட்டைத் துண்டு போடாதே என்று அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. யார் கேட்டார்கள்?

1966 டிசம்பர் 30ல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒப்பந்தம் செய்து கொண்டன. 50 ஆண்டுகளுக்குத் தீவு அமெரிக்காவின் பயன்பாட்டுக்கு, பிறகு மேலும் 20 ஆண்டுகள் நீட்டிக்கலாம். வெளியே தெரிந்த ஒப்பந்தத்தில் வாடகை இல்லை. ஆனால் திரைமறைவில் ஒரு கணக்கு இருந்தது. பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைகளின் விலையில் 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடி! அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் நடந்த பேரம் இது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தீவு மட்டும் போதாது, தீவில் மனிதர்களே இருக்கக் கூடாது என்றது அமெரிக்கா. சரி என்றது பிரிட்டன். அங்கே நிரந்தரக் குடிமக்கள் யாரும் இல்லை, வந்து போகும் ஒப்பந்தக் கூலிகள்தான் இருக்கிறார்கள் என்று உலகத்துக்குச் சொல்லத் தீர்மானித்தார்கள். 1966ல் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக் கொண்ட கோப்பில் அந்த மக்களை 'டார்ஜான்கள்' என்று கேலி செய்திருந்தார்கள். அந்தக் கோப்பு பின்னால் வெளிவந்து சந்தி சிரித்தது.

1968 முதல் 1973 வரை வெளியேற்றம் நடந்தது. முதலில், சிகிச்சைக்காகவும் உறவினரைப் பார்க்கவும் மொரீஷியஸ் போனவர்களைத் திரும்பக் கப்பல் ஏற விடவில்லை. பிறகு உணவுச் சரக்கு வருவது குறைந்தது. 1971ல் டீகோ கார்சியாவில் மக்கள் வளர்த்த நாய்களையெல்லாம் பிடித்து, கொப்பரை காய வைக்கும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். எஜமானர்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே! அடுத்தது நீங்கள்தான் என்று வாயால் வேறு சொல்ல வேண்டுமா? 1,500 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் ஏற்றப்பட்டு மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். தென்னந்தோப்பில் வாழ்ந்தவர்கள் போர்ட் லூயிஸ் நகரத்துச் சேரிகளில் வேலையின்றி, வீடின்றி நின்றார்கள்.

1972ல் பிரிட்டன் ஆறரை லட்சம் பவுண்டு கொடுத்தது. அது மக்கள் கைக்கு வந்து சேர 1978 ஆனது. 1982ல் மேலும் 40 லட்சம் பவுண்டு கொடுத்தபோது, இனித் திரும்பிப் போகும் உரிமை கேட்க மாட்டோம் என்று ஆங்கிலத்தில் எழுதிய பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அதைப் படிக்கத் தெரியாதவர்களிடம்!

வியாபாரிகளே, உங்கள் கணக்கில் இதைப் பாருங்கள். ஒரு வீட்டில் நாலைந்து தலைமுறையாக ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தை இரவோடு இரவாக வெளியே தள்ளி, வீட்டைப் பூட்டி, சாவியை ஊர்ப் பெரிய ரவுடியிடம் குத்தகைக்குக் கொடுக்கிறான் ஒருவன். பிறகு நடுத்தெருவில் நிற்கும் குடும்பத்திடம் கொஞ்சம் சில்லறையைக் கொடுத்து, 'எனக்கு இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதி வாங்குகிறான். நம் கடைவீதியில் இப்படி நடந்தால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்?

பொய்யின் மேல் பொய்!

மனித உரிமை பேசுவதில் இந்த இருவரையும் மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் 2001க்குப் பிறகு அமெரிக்க உளவுத்துறை சந்தேகத்தின் பேரில் பிடித்தவர்களை நாடு நாடாகக் கடத்திக் கொண்டு போனபோது, அந்த விமானங்கள் டீகோ கார்சியாவில் இறங்கவே இல்லை என்று பிரிட்டிஷ் அரசு அடித்துச் சொன்னது. 2008 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் நாடாளுமன்றத்தில் எழுந்து வருத்தம் தெரிவித்தார். 2002ல் இரண்டு விமானங்கள் கைதிகளோடு அங்கே இறங்கியது உண்மைதான் என்று ஒப்புக் கொண்டார். அமெரிக்கா இப்போதுதான் தங்களுக்குச் சொன்னது என்றார். நிலம் உன்னுடையது என்கிறாய். அங்கே என்ன நடக்கிறது என்று உனக்கே தெரியாது என்கிறாய். இதற்குப் பெயர் இறையாண்மையா?

2010ல் இன்னொரு வேடம். சாகோஸ் கடலை மீன்களுக்கான பாதுகாப்புப் பகுதியாக பிரிட்டன் அறிவித்தது. மீன் வாழலாம், மண்ணின் மைந்தன் வாழக் கூடாது! அந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு விரோதமானது என்று 2015 மார்ச்சில் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

நம் மொழி பேசுபவர்களும் அங்கே சிக்கினார்கள். 2021 அக்டோபர் 3ம் தேதி, கனடாவுக்குப் போகும் நினைப்பில் கிளம்பிய 89 இலங்கைத் தமிழர்களின் படகு பழுதாகி, அவர்கள் டீகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டார்கள். வேலி போட்ட கூடார முகாம். கைக்குழந்தைகளும் உண்டு. எலிகள் ஓடும் கூடாரங்களில், காவலர் துணையில்லாமல் வெளியே காலெடுத்து வைக்க முடியாமல், ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, மூன்று வருஷம்! பட்டினிப் போராட்டம் நடத்தினார்கள். சிலர் தற்கொலைக்கும் முயன்றார்கள்.

அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூலையில் தீவிலேயே விசாரணை நடத்த நீதிபதி கிளம்ப இருந்தார். பாதுகாப்புக் காரணம் காட்டி அமெரிக்கா அனுமதியை ரத்து செய்தது. பிரிட்டிஷ் பிரதேசத்தின் நீதிபதி, தம்முடைய அதிகார எல்லைக்குள் இருக்கும் தீவில் இறங்குவதற்கு அமெரிக்கப் படையின் தயவு வேண்டியிருந்தது! தீவின் உண்மையான எஜமான் யார் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? பின்னர் விசாரணை நடந்தது. 2024 டிசம்பரில் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. பெரும்பாலோர் அந்த மாதமே பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள். மீனைத் துரத்திக் கொண்டு அந்தக் கடல் எல்லைக்குள் போய்ப் பிடிபட்டு, அபராதம் கட்டி வந்த கதை அங்கே பல குடும்பங்களில் உண்டு. டீகோ கார்சியா நமக்குத் தூரத்துத் தீவு அல்ல, பெரியவரே!

உலகம் சொன்ன தீர்ப்பு!

2019 பிப்ரவரி 25ம் தேதி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. மொரீஷியஸிலிருந்து சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, பிரிட்டன் விரைவில் அங்கிருந்து வெளியேற வேண்டும். 14 நீதிபதிகளில் 13 பேர் இப்படிச் சொன்னார்கள். மாறுபட்ட ஒரே ஒருவர் அமெரிக்க நீதிபதி. அந்த ஆண்டு மே 22ல் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸின் பக்கம் நின்றன. இந்தியாவும் அதில் ஒன்று. எதிர்த்தவை ஆறே ஆறு. அமெரிக்கா, பிரிட்டன், இஸ்ரேல், ஆஸ்திரேலியா, ஹங்கேரி, மாலத்தீவு.

கடைசிப் பெயரைக் கவனியுங்கள். மாலத்தீவு! முழுக்க முழுக்க முஸ்லிம்கள் வாழும் நாடு, நம் தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கு போகும் நாடு. கடல் எல்லைத் தகராறு இருக்கிறது என்பதற்காக, வீடிழந்தவர்களுக்கு எதிராக, இஸ்ரேலோடு சேர்ந்து கை தூக்கியது. 2022ல்தான் தன் நிலையை மாற்றிக் கொண்டது. இதை மறைத்துவிட்டு அமெரிக்காவை மட்டும் திட்டி எழுதுவது நேர்மை ஆகாது. சாகோஸ் மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். பாதிக்கப்பட்டவன் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவன் என்று பார்த்தா நியாயம் பேசுவது? நம் வீடு இடிபடும்போது மட்டும் உலகம் நமக்காகப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படிச் சரியாகும்?

உலக நாடுகளின் நெருக்குதலில், 2025 மே 22ம் தேதி பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சாகோஸ் மீது மொரீஷியஸின் உரிமை அதில் ஏற்கப்பட்டது. ஆனால் டீகோ கார்சியா மட்டும் 99 ஆண்டு குத்தகைக்கு மறுபடியும் பிரிட்டன் கையில். அதற்கு பிரிட்டன் கொடுக்க ஒப்புக் கொண்ட பணம், ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. சாகோஸ் மக்களுக்கென்று 4 கோடி பவுண்டில் ஒரு நிதியம். மற்றத் தீவுகளில் குடியேறலாம், டீகோ கார்சியாவில் கூடாது. பட்டா மொரீஷியஸ் பெயரில், குத்தகைப் பணம் பிரிட்டன் பையிலிருந்து, அனுபோகம் அமெரிக்காவுக்கு! மண்ணின் மக்களுக்கு?

பேச்சுவார்த்தை மேசையில் அந்த மக்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. டீகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கால், கையெழுத்திடும் நாளன்று சில மணி நேரம் தடை விழுந்தது. பிறகு தடை நீங்கியது, கையெழுத்தும் விழுந்தது.

அமெரிக்கா என்ன செய்தது? 2025 மே மாதம் ஒப்பந்தத்தை வரவேற்றது. 2026 ஜனவரியில், கிரீன்லாந்து தனக்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கொண்டிருந்த அதிபர் டிரம்ப், இதே ஒப்பந்தத்தைப் பெரும் முட்டாள்தனம் என்று சாடினார். கிரீன்லாந்து ஆனாலும் டீகோ கார்சியா ஆனாலும் வல்லரசின் வரைபடத்தில் தீவு தெரியும், ஓடுதளம் தெரியும். மனிதன் தெரிவதில்லை.

நம் வீட்டுக் கண்ணாடி!

அடுத்தவன் முதுகைப் பார்க்கும்போது நம் முதுகையும் திரும்பிப் பார்க்க வேண்டும். 1971 டிசம்பரில் இந்துமகா சமுத்திரத்தை அமைதி மண்டலமாக அறிவிக்க இலங்கை கொண்டுவந்த தீர்மானம் ஐ.நா.வில் நிறைவேறியது. இந்தியா அதை ஆதரித்தது. அதே மாதம் அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' போர்க்கப்பல் நம்மை மிரட்ட வங்கக் கடலுக்கு வந்தது. இந்திரா காந்தி அரசு டீகோ கார்சியா தளத்தை வெளிப்படையாக எதிர்த்தது.

ஆனால் 1991ல் என்ன நடந்தது? வளைகுடாவுக்குப் போன அமெரிக்க இராணுவ விமானங்களுக்கு சந்திரசேகர் அரசு சென்னையிலும் பம்பாயிலும் ஆக்ராவிலும் எண்ணெய் நிரப்ப அனுமதித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே நிறுத்தப்பட்டது. 2016 ஆகஸ்டில், இரு நாட்டுப் படைகளும் ஒருவர் தளத்தில் மற்றவர் எரிபொருள் நிரப்பிக் கொள்ள ஒப்பந்தமே கையெழுத்தானது. 2024 பிப்ரவரி 29ல் மொரீஷியஸின் அகலேகா தீவில் இந்தியா கட்டிக் கொடுத்த ஓடுதளமும் படகுத்துறையும் திறக்கப்பட்டன. அது இராணுவத் தளம் அல்ல என்று மொரீஷியஸ் அரசு சொல்கிறது. ஆனால் சில நூறு பேரே வாழும் அந்தத் தீவில், சாகோஸ் மக்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேருமோ என்ற அச்சம் எழுந்தது. அந்த அச்சத்தைப் போக்கும் கடமை இந்தியாவுக்கு உண்டு. பெரியண்ணன் வெள்ளையாக இருந்தால்தான் தவறு, மாநிறமாக இருந்தால் தவறில்லை என்று நியாயம் பேச முடியாது.

இளைஞர்களே, ஒன்றை நினைவில் வையுங்கள்!

ஒலிவியே பான்கூல் என்ற மனிதர் 1964ல் சாகோஸின் பெரோஸ் பானோஸ் தீவில் பிறந்தார். நான்கு வயதில், சகோதரியின் வைத்தியத்துக்காகக் குடும்பத்தோடு மொரீஷியஸ் வந்தார். திரும்பிப் போகக் கேட்டபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது என்றார்கள். அவர் படித்துப் பட்டம் பெற்ற வக்கீல் அல்ல. மின்சார வேலை பார்த்தவர். அவர்தான் உலகின் பழைய சாம்ராஜ்யத்தை அதன் சொந்த நீதிமன்றத்துக்கே இழுத்தார். 2000 நவம்பரில் வென்றார். 2004 ஜூனில், நாடாளுமன்றத்தைக் கேட்காமலே, அரசியின் ஆணையைக் கொண்டு அந்த வெற்றியைப் பறித்தார்கள். மறுபடியும் வழக்கு. 2008 அக்டோபரில் பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார். வீட்டுக்குப் போய்ப் படுத்துக் கொள்ளவில்லை. 2022 பிப்ரவரியில், பிரிட்டிஷ் காவல் இல்லாமல், மொரீஷியஸ் ஏற்பாடு செய்த கப்பலில் போய்ப் பிறந்த மண்ணில் கால் வைத்தார்.

அவர் கையில் துப்பாக்கி இல்லை. பணம் இல்லை. இருந்தவை மூன்று: ஞானஸ்நானப் பதிவு, கல்லறைப் பெயர், பழைய கோப்பு என்று தேடிச் சேர்த்த காகிதங்கள், பிரிந்து போகாத ஒரு சங்கம், தோற்றாலும் மறுநாள் எழுந்து நிற்கும் பொறுமை. 'அங்கே யாரும் வாழவில்லை' என்ற பொய்யை உடைத்தவை அந்தக் காகிதங்கள்தான்.

சுவரில் கோஷம் எழுதுவது ஒரு மணி நேர வேலை. ஒரு வழக்கை 25 வருஷம் சுமப்பது ஒரு வாழ்நாள் வேலை. நம் இளைஞர்கள் எதைக் கற்றுக் கொள்ளப் போகிறார்கள்? நம் ஊர் வக்ஃபு நிலத்தின் பத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள், நம் மூத்தவர்களின் பிறப்புப் பதிவைத் தேடிப் பார்க்காதவர்கள், வாஷிங்டனைத் திட்டி என்ன பயன்?

டீகோ கார்சியாவின் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் முன்னோரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் அங்கே போய் ஒரு பூ வைக்க வேண்டுமென்றால் வேறு நாட்டுப் படையின் சம்மதம் வேண்டும். 2023ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்த வெளியேற்றத்தை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று எழுதியது. ஒப்பந்தங்கள் மாறலாம், கொடிகள் மாறலாம். துரத்தப்பட்டவன் தன் வீட்டு வாசலில் நிற்கும் நாள் வரை அந்தக் குற்றத்துக்குக் கணக்கு முடிந்ததாக எழுத முடியாது.

தீர்த்தமலைத் தம்பிக்கு நம் பதில் இதுதான். விமானம் எங்கே எண்ணெய் நிரப்புகிறது என்று கேட்டீர்கள் அல்லவா? ஓர் ஊரைக் காலி செய்த இடத்தில்தான் நிரப்புகிறது. அடுத்த முறை அந்த விமானம் கிளம்பியதாகச் செய்தி வரும்போது, குண்டு விழுந்த ஊரை மட்டுமல்ல, அது கிளம்பிய ஊரையும் நினைத்துக் கொள்ளுங்கள்.